ஆறாம் பக்கத்து ஓட்டை

“என்ரை நூலகத்துப் பேப்பரிலை இண்டைவரைக்கும் ஒரு பிளேட் பட்டதில்லை. இந்தக் குடாநாட்டிலை, ஏன், இந்த இலங்கைத் தீவிலையே ஓட்டையில்லாத பழம் பேப்பர் பாக்க வேணுமெண்டால் ஆலடிச் சந்திக்கு வாங்கோ!”

மூன்று வருடங்களுக்கு முன்னர், வாசிப்பு மாத நிறைவு விழாவில், ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடித்தபடி நூலகர் லெனாட் இப்படி முழங்கினார். மேடையில் பிரதேச சபைத் தவிசாளரும் மூன்று பள்ளிக்கூட அதிபர்களும் வாடிய மாலையோடு ஒரு பிரதம விருந்தினரும் இருந்தார்கள். கீழே, சோடா எப்போது வரும் என்று நூற்றிருபது பள்ளிக்கூடப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. மேடையில் சொன்னதைப் போய்ச் சரிபார்ப்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு.

சுன்னாகம் சந்தையிலிருந்து உடுவிலுக்கு வரும் வழியில், இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக நிற்பதுதான் ஆலடிச் சந்தி நூலகம். லெனாட்டுக்கு ஐம்பத்தொன்பது வயது. உடுவிலில் மிஷன் பள்ளிக்கூடத்தோடு வளர்ந்த குடும்பம். தகப்பனார் ஆங்கில வாத்தியார். இவர் தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல். கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டின் பையில் எப்போதும் மடித்த கைக்குட்டைகளாக இரண்டு லேஞ்சிகள் வைத்திருப்பார். ஒன்று அவர் முகத்துக்கு. மற்றது, உலகத்தைத் தொட நேர்ந்தால்.

உலகத்தைத் தொடுவதில் அவருக்கு ஆர்வம் இருந்ததில்லை. விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கிப் பக்கம் புரட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்குக் குமட்டிச் சத்தி வரும். பேப்பரை மடித்து விசிறுகிறவர்களைக் கண்டால் காது சிவக்கும். பணிஸ் தின்றபடி வெளிநாட்டுச் செய்தி படிக்கிற ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரை மூன்று மாதம் நூலகத்துக்குள் விடாமல் வைத்திருந்தார். ஆனால் இவர்கள் எல்லோரும் சில்லறைப் பாவிகள். பெரும் பாவி, வெட்டுகிறவன்.

எங்கள் பக்கத்தில் பத்திரிகை படிப்பது என்றால் மரண அறிவித்தலில் தொடங்குவது. ஆர் செத்தது, எந்த ஊர், ஆற்றை மச்சான், கனடாவிலிருந்து எத்தனை பேர் வருகினம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஜனாதிபதி என்ன சொன்னார் என்று பார்ப்போம். தெரிந்தவர் செத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி வைத்துக்கொள்ளக் கை தன்னால் போகும். மற்ற நூலகங்களின் பத்திரிகைகள் எல்லாம் யன்னல் வைத்த வீடுகளைப் போலிருப்பது இதனால்தான். லெனாட் இதற்கு இடம் கொடுக்கவில்லை. வாசலில் நின்று சேட்டுப் பைகளைப் பார்த்தார். தபாலதிபரின் நகவெட்டியைப் பறிமுதல் செய்து மேசை லாச்சியில் பூட்டினார்.

அவர் இப்படிக் காவல் காத்த சொத்து ‘வடவொளி’ என்ற, எப்போதோ நின்றுபோன தினசரியின் ஒன்பது கட்டுகள். இந்த உலகத்தில் அதற்கு வேறு முழுப் பிரதி கிடையாது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, மற்றவர்கள் நகையும் அரிசியும் கட்டினார்கள். லெனாட் சைக்கிள் கரியரில் வடவொளியைக் கட்டினார். மனைவி ரஞ்சினியின் தையல் மெஷின் வீட்டில் நின்றது. திரும்பி வந்தபோது நிற்கவில்லை. அந்த மெஷினைப் பற்றிய கதை அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் மேசையில்தான் கணினியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

போன வருடம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பழைய பத்திரிகைகளை இனி வாசகர் கையில் கொடுக்கக் கூடாது. அவை படம்பிடிக்கப்பட்டு ‘இணையப் பத்திரிகைக் களஞ்சியம்’ என்ற ஒன்றில் ஏற்றப்பட்டுவிட்டன. கேட்கிறவர்களுக்கு நூலகர் அதில் தேடி எடுத்து, அச்செடுத்து, சீல் குத்திக் கொடுக்க வேண்டும். இதற்காக யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை.

முதல் நாள் மங்கல விளக்கேற்றினார்கள். ஐந்து திரி, ஐந்து பிரமுகர், முக்கால் மணித்தியாலம். வரவேற்புரை முடியக் கரண்ட் போனது. கரண்ட் வரத் தேத்தண்ணி வந்தது. இரண்டாம் நாள் குழுப்படம் எடுத்தார்கள். வெளிச்சம் போதாதென்று திரும்பவும் எடுத்தார்கள். அதன் பிறகு எஞ்சிய இருபது நிமிடத்தில், வாழ்க்கையில் முதன்முறையாக, லெனாட் மவுஸ் என்கிற பொருளைத் தொட்டார். அவருக்கு முன் அதைத் தொட்டவர் றோல்ஸ் சாப்பிட்டுக் கை துடைக்காதவர். லெனாட்டின் உள்ளங்கையோடு அது ஒட்டிக்கொண்டு எழும்பியது.

“அரியண்டம்,” என்றார் லெனாட். இந்த நவீன யுகத்தைப் பற்றிய அவருடைய முதலாவது கருத்து இதுதான். பிறகு அதை மாற்றிக்கொள்ளக் காரணம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ‘சிறப்பாகத் தேர்ச்சி பெற்றார்’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

உண்மையில் கற்றுக்கொடுத்தவர் நூலக உதவியாளர் பிரதீபா. நாற்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், பயம் என்பதை அறியாத வாய். லெனாட் மவுஸுக்கு மேல் மூன்றாவதாக ஒரு லேஞ்சியைப் போர்த்து, அதற்கு மேல் கையை வைத்தார். எழுத்துகளைத் தட்டுவதற்கு வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றையே அனுப்பினார். மற்ற ஒன்பதும் இந்தப் பாவத்தில் பங்கெடுக்கவில்லை. ஒவ்வொரு படியையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதினார். பதினேழாம் படி இப்படி இருந்தது: ‘பின்செல் என்பதை அமத்தக் கூடாது. அமத்தினால் எல்லாம் போய்விடும். போனது எங்கே என்று பிரதீபாவுக்கும் தெரியாது.’

அவர் தனியாகச் செய்த முதலாவது தேடல் நூலகவியல் வரலாற்றில் இடம்பெற வேண்டியது. தேடல் பெட்டிக்குள், அரை மணித்தியாலம் செலவழித்து, அவர் இப்படி அடித்தார்: ‘அன்புடையீர், 1985ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் வெளிவந்த வெங்காய விலை விபரத்தை, வாசகர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க, தயவுசெய்து காண்பித்து உதவவும். இங்ஙனம், உண்மையுள்ள, லெனாட், நூலகர்.’

‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்றது களஞ்சியம்.

“பதில் எழுதத் தெரியாததுகளோடை எனக்கென்ன கதை?” என்று லெனாட் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

பிரதீபா வந்து எட்டிப் பார்த்தா. வாயைப் பொத்திக்கொண்டா. “சேர், உது கடிதம் போடுற கந்தோர் இல்லை. வருசம், மாதம், திகதி. அவ்வளவுதான் உதுக்கு விளங்கும்.”

“தயவுசெய்து போடாமலோ?”

“போடாமல்தான்.”

“வளர்ப்புச் சரியில்லாத சாமான்,” என்றார் லெனாட்.

வருசம், மாதம், திகதி கொடுக்க, அவருடைய சொந்த வடவொளியே திரையில் வந்தது. படம்பிடித்தவர்கள் இரண்டு வருடங்களுக்கு முன் வந்து ஆறு நாளில் ஒன்பது கட்டையும் முடித்துக்கொண்டு போனவர்கள். எந்த வேகத்தில் முடித்தார்கள் என்பது இப்போது தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பக்கத்தை அமத்திப் பிடித்த ஒரு கட்டைவிரல். நகத்துக்குள் ஊத்தை. முப்பத்தைந்து வருடம் ஒரு விரல் படாமல் காத்த பேப்பரை, இனி உலகம் உள்ளளவும், ஆற்றையோ ஊத்தை விரலோடுதான் பார்க்க வேண்டும். அன்று மத்தியானம் அவரால் சாப்பிட முடியவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை கமலாவதி வந்தா.

நாற்பத்தைந்து வயதிருக்கும். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் பிடி கட்டுகிற வேலை. தலைமயிரில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. ஆள் வாசலில் நிற்க, வெங்காய மணம் உள்ளே வந்து பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது. லெனாட், மிஷன் பள்ளிக்கூடத்தில் பழகிய பண்போடு, கதிரையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டார்:

“என்ன பிள்ளை?”

“பழைய பேப்பர் பாக்கலாமெண்டு சொன்னவை, சேர்.”

“என்ன பேப்பர்?”

“அப்பா செத்த பேப்பர்.”

விசயம் இதுதான். அவவின் ஊர் மயிலிட்டி. தகப்பன் நாகலிங்கம் கடற்தொழிலாளி. கடலில் நெஞ்சுவலி வந்து, கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த கையோடு போய்ச் சேர்ந்தவர். அந்தக் கிழமை சண்டையால் பதிவுக் கந்தோர் பூட்டு, சாவைப் பதிய வழியில்லை; பிறகும் பதியவில்லை. நாலு வருடத்தில் ஊரே எழும்பி ஓடியது. உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. கடுதாசியும் இல்லை, அப்பாவின் படமும் இல்லை. இப்போது ஆமி பிடித்து வைத்திருந்த காணியை விட்டிருக்கிறார்கள். உறுதிப் பத்திரம் தகப்பன் பெயரில். பிள்ளைகள் பெயருக்கு மாற்றுவதற்குத் தகப்பன் செத்ததற்கு அந்தக் காலத்து எழுத்து ஆதாரம் ஒன்று வேண்டும் என்கிறார்கள்.

“மாமா பேப்பரிலை போட்டவர், சேர். படத்தோடை. அம்மா சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவ. மாவிட்டபுரத்துத் தேர் முடிஞ்சு கொஞ்ச நாள். நான் அப்ப ரண்டாம் வகுப்போ மூண்டாம் வகுப்போ. எண்பத்தாறா, எண்பத்தேழா எண்டுதான் தெரியேல்லை.”

“எப்ப வேணும்?”

“வியாழக்கிழமை காணி நடமாடும் சேவை வருது. உதை விட்டால் அடுத்தது எப்பவெண்டு அவைக்கே தெரியாது.” கமலாவதி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. “கடுதாசியின்படி பாத்தால் அப்பா இன்னும் உயிரோடை, சேர். எழுபத்தொன்பது வயசு. தொழிலுக்குப் போனவர் இன்னும் வரேல்லை, அவ்வளவுதான்.”

பிரதீபா சிரித்தா. லெனாட் சிரிக்கவில்லை. ஆனால் கதிரையை அரைச் சாண் முன்னுக்கு இழுத்தார். “வடவொளியிலை வந்திருந்தால் என்னட்டை இருக்கும் பிள்ளை. என்ரை பேப்பரிலை இல்லாத சாவு நடக்கேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.”

தேடல் தொடங்கியது. ஆடி, ஆவணி என்ற ஏழாம், எட்டாம் மாதங்கள். இரண்டு வருடம். பிந்திய வருடத்திலிருந்து பின்னோக்கிப் போவது என்று தீர்மானித்தார்கள். களஞ்சியத்தில் பெயரைக் கொடுத்துத் தேட முடியாது. ஒவ்வொரு நாளாகத் திறந்து, ஆறாம் பக்கத்துக்குப் போய், மரண அறிவித்தலைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் வருவதற்குள் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். இடையிடையே திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி குதித்து வந்து, தொப்பையைக் குறைக்க விருப்பமா என்று கேட்டது.

“சீ!” என்று லெனாட் விரலை இழுத்துக்கொண்டார். “செத்த வீட்டுப் பக்கத்திலை வந்து கேக்கிற கேள்வியே உது?”

“சேர், மூலையிலை பெருக்கல் அடையாளம் மாதிரிக் கிடக்கிற புள்ளடியை அமத்துங்கோ.”

“நான் உதைத் தொடமாட்டன். நீர் அமத்தும்.”

எண்பத்தேழில் ஒன்றும் அகப்படவில்லை. எத்தனையோ நாகலிங்கங்கள் செத்திருந்தார்கள். கமலாவதி ஒவ்வொருவரின் முகத்துக்கும் கிட்டக் குனிந்து பார்த்து, “இவரில்லை” என்றா. லெனாட்டின் தோளுக்கு மேலால் வெங்காயம் மணத்தது. ஆச்சரியம், இரண்டாம் லேஞ்சி வெளியே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் எண்பத்தாறுக்குள் புகுந்து, ஆவணி பன்னிரண்டாம் திகதியைத் திறந்தார்கள். ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு ஆறாம் பக்கம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. ‘மரண அறிவித்தல்கள்’ என்ற தலைப்பு வந்தது. இடப்பக்கம் ஒரு சட்டத்தரணி செத்திருந்தார். வலப்பக்கம் நாட்டு வைத்தியம் பார்த்த ஒரு பரியாரியார். நடுவில் ஒருவரும் சாகவில்லை. நடுவில் ஓர் ஓட்டை. நாலு பக்கமும் அடிமட்டம் வைத்து வெட்டிய, நேர்த்தியான நீள்சதுரம். அதற்குள்ளால், அடியில் கிடந்த பக்கத்துச் சவுக்கார விளம்பரத்திலிருந்து ஒரு பெண் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தா.

மூன்று பேரும் ஒரு கொஞ்ச நேரம் அந்தப் பல்லைப் பார்த்தார்கள்.

“உது எங்கடை பிரதி இல்லை,” என்றார் லெனாட். “உது வேறை எங்கையோ ஊத்தை நூலகத்து...”

பிரதீபா மவுஸை உருட்டினா. பக்கம் பெருத்தது. ஓட்டைக்கு இரண்டு விரல் தள்ளி, வட்டமாக, ஊதா மையில், ஆலடிச் சந்தி நூலகத்தின் சீல். லெனாட்டே கைப்படக் குத்தியது. அவர் எப்போதும் செய்கிறது போல, எழுத்து நிமிர்ந்து நிற்கக் குத்தியது.

“எங்கடைதான் சேர்,” என்றா பிரதீபா. “ஆற்றையோ கை பட்டிருக்கு.”

“நாய்!” என்றார் லெனாட். குரல் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. “மனிசனே உவன்? பேப்பரை வெட்டிறவன் ஆளையும் வெட்டுவான். உவங்களை எல்லாம்...”

“பிளேட்டாலை கிழிக்கேல்லை சேர், அடிமட்டம் வைச்சு ஆறுதலா இருந்து வெட்டியிருக்கு. படிச்ச நாய்.” பிரதீபா முந்தின பக்கத்துக்குத் திருப்பினா. ஐந்தாம் பக்கம் வந்தது. அதே ஓட்டை, இந்தப் பக்கத்திலிருந்து. ஓட்டைக்கு மேலே, பூக்கொடி போட்ட ஒரு தலைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது: ‘வாசகர் கவிதை’.

“ஐயோ கடவுளே, கவிதையை வெட்டியிருக்கிறான்!” பிரதீபாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “வாசகர் கவிதையை ஆர் சேர் வெட்டுவான்? எழுதினவனைத் தவிர வேறை ஒருத்தனும் வெட்டான்.”

லெனாட் இருமினார்.

கமலாவதி சிரிக்கவில்லை. “அப்ப இதுக்குப் பின்னாலைதான் எங்கடை அப்பா இருந்திருப்பரோ?”

“ஆருக்குத் தெரியும்? இல்லாமலும் இருக்கலாம்,” என்றா பிரதீபா. “இன்னும் இருபது நாள் பேப்பர் கிடக்கு அக்கா, பாப்பம்.”

இருபது நாளையும் பார்த்தார்கள். நாகலிங்கம் எங்கும் இல்லை. கமலாவதி திரும்பவும் அந்த ஓட்டையைக் காட்டச் சொன்னா. காட்டினார்கள்.

“ஒரு பாட்டுக்காகவோ?” என்று மெல்லக் கேட்டா. திட்டவில்லை. வாய்க்குள் அழுகின வெங்காயம் ஒன்று வந்துவிட்டது போல முகத்தைச் சுளித்தா. பையை எடுத்துக்கொண்டு, “நாளைக்கு ஒருக்கா வந்து பாக்கிறன் சேர், வேறை வழி ஏதும் இருந்தால்” என்று சொல்லிப் போனா.

அந்தச் சுளிப்பு லெனாட்டுக்குத் தெரிந்த சுளிப்பு. நாக்கில் விரல் வைக்கிறவர்களைப் பார்த்து முப்பத்தைந்து வருடம் அவர் சுளித்தது. அதை இதற்கு முன் அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

இனி உண்மையைச் சொல்ல வேண்டும். லெனாட் இருபத்தொரு வயதில் ஒரு கவிதை எழுதினார். ‘மெழுகுதிரியின் மரணம்’. பன்னிரண்டு வரி. ‘உருகுகிறேன் நான் உனக்காக, ஊதி அணைக்காதே கிளியே’ என்று தொடங்கும். மெழுகுதிரி எதற்காகக் கிளியோடு கதைக்கிறது என்பதை அவர் இதுவரை ஒருவருக்கும் விளக்கியதில்லை. வடவொளி அதைப் பிரசுரித்தது. அவரிடமிருந்த பிரதி மறு வருடச் சண்டையில் வீட்டோடு எரிந்தது. எண்பத்தொன்பதில் நூலகத்தில் வேலை கிடைத்த முதலாவது மாதம், கட்டுகளைத் தூசு தட்டும்போது, கவிதை அவரைப் பார்த்துச் சிரித்தது. மத்தியானம், ஆளில்லாத நேரம். அடிமட்டம் மேசையில் இருந்தது. பிளேட்டும் இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மேடையில் முழங்கியபோது இது அவருடைய நினைவுக்கே வரவில்லை. வெட்டுவது என்பது மற்றவர்கள் செய்வது. தன்னுடையதைத் தான் எடுப்பதற்கு வேறு பெயர். என்ன பெயர் என்று அவர் யோசிக்க நேர்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்து, சேட்டுக்கூடக் கழற்றாமல், அலுமாரியிலிருந்து குடும்ப வேதாகமத்தை இறக்கினார். யோபுவின் புத்தகத்துக்குள் மஞ்சளாய்க் கிடந்தது துண்டு. எத்தனை நூறு தரம் எடுத்துப் படித்திருப்பார்! இப்போதும் கண் தன்னால் கிளியிடம் போனது. அதைப் பிடித்து இழுத்து, துண்டைத் திருப்பினார்.

முப்பத்தைந்து வருடத்தில் முதன்முறையாகத் திருப்பினார்.

ஒரு முகம். நாற்பது வயது மட்டில், கறுத்து, மீசை வைத்து, கமராவை நம்பாத பார்வை. ‘மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட பொன்னையா நாகலிங்கம் அவர்கள் 09.08.1986 அன்று காலமானார். அன்னார்...’ கடைசி வரியில் பிள்ளைகளின் பெயர்கள். மூன்றாவது கமலாவதி. மூலைக்குக் கிட்ட, மீசைக்குப் பக்கத்தில், ஒரு தேத்தண்ணிக் கறை. அது லெனாட்டின் தேத்தண்ணி. கவிதையை ரசித்துக்கொண்டு, கோப்பையை இந்த மனிசனின் முகத்துக்கு மேல் வைத்திருக்கிறார்.

அவர் கையைப் பார்த்தார். பையிலிருந்து இரண்டாம் லேஞ்சியை எடுத்தார். எதைத் துடைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னப்பா உது?” ரஞ்சினி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. “உந்தக் குப்பையை இன்னும் வைச்சிருக்கிறியளோ? அந்தக் கிளி இப்ப லண்டனிலை மூண்டு பேரப்பிள்ளையோடை. என்ரை மெஷினை விட்டிட்டு உதைத்தானே கொண்டு போனனியள்!”

“இஞ்சை வந்து பாரும்,” என்றார் லெனாட். “மற்றப் பக்கம்.”

ரஞ்சினி வந்து படித்தா. கடைசி வரி வரைக்கும் படித்தா. “இது ஆர்?”

லெனாட் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். ரஞ்சினி தையல் மெஷினைப் பற்றி அதற்குப் பிறகு அன்று ஒன்றும் கதைக்கவில்லை. “அந்தப் பிள்ளை நாளைக்கு வருமோ?” என்று மட்டும் கேட்டா.

புதன்கிழமை காலமை, பிரதீபா வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னராகவே லெனாட் நூலகத்தைத் திறந்தார். களஞ்சியத்தில், பக்கத்துக்குக் கீழே, ‘விடுபட்ட பகுதியைச் சேர்க்க’ என்று ஒரு பொத்தான் இருந்தது. சீஆர் கொப்பியில் அதற்கு நாற்பத்தோராம் படி. ‘எங்களுக்குத் தேவைப்படாது’ என்று பக்கத்தில் எழுதியிருந்தார். அதை அமத்தினார். துண்டின் இரண்டு பக்கத்தையும் ஸ்கான் பண்ணச் சொன்னது. ஒரு பக்கம் போதாதா என்று பார்த்தார். போதாது. நாகலிங்கத்தை வைத்தார். பிறகு கிளியையும், கீழே ‘உடுவில் லெனாட்’ என்ற பெயரோடு, முகம் குப்புற வைத்தார்.

அடுத்த பெட்டி கேட்டது: ‘இப்பகுதி எவ்வாறு கிடைத்தது?’

சுட்டுவிரல் கிளம்பியது. ‘பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர் ஒருவர்’ என்று அடித்தது. வாசித்துப் பார்த்தார். தவிசாளர் மேடையில் வாசிக்கக்கூடிய வசனம். வாசகரின் பெருந்தன்மை என்று ஒரு சொல்லைக்கூட இடையில் செருகலாம். ஓட்டை அடைபடும், காணி கிடைக்கும், ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. அதை நினைக்க அவருக்கு அரியண்டமாக இருந்தது. முன்னர் எந்த மவுஸும் எந்தக் கட்டைவிரலும் இவ்வளவு அரியண்டமாக இருந்ததில்லை.

ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அதற்கும் அதே விரல்தான்.

பிரதீபா வந்தபோது திரையில் ஆறாம் பக்கம் இருந்தது. மேலே ‘சேர்க்கப்பட்டது’ என்று பச்சையில் ஒரு வரி. ஓட்டையை மூடி, கொஞ்சம் கோணலாக, ஒரு மீசைக்காரர். மவுஸுக்கு மேல் லேஞ்சி இல்லை என்பதைப் பிரதீபா முதலில் கவனித்தா. பிறகுதான் மீசையை.

“சேர்! எங்கை பிடிச்சனியள்?”

“அச்செடும்,” என்றார் லெனாட். “ரண்டு பிரதி.”

கமலாவதி பத்து மணிக்கு வந்தா. நேராகச் சந்தையிலிருந்து, கையில் சிவத்த மண்ணோடு. லெனாட் அச்செடுத்த கடுதாசியை மேசையில் அவவின் பக்கம் திருப்பி வைத்தார். கமலாவதி அதைத் தொடவில்லை. கையிரண்டையும் சீலையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தா. பிறகு குனிந்து, இரண்டு நாளாக மற்ற நாகலிங்கங்களைப் பார்த்தது போலவே, கிட்டப் பார்த்தா.

“என்னைவிடச் சின்ன ஆள்,” என்றா.

பிரதீபா கதிரையை இழுத்துக் கொடுத்தா. இருந்தா. பிள்ளைகளின் பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தா. கடுதாசியில் சிவப்பாக ஒரு விரலடையாளம் விழுந்தது. லெனாட் அதைப் பார்த்தார், துடைக்கப் போகவில்லை.

“நூலகர் உறுதிப்படுத்த வேணும் சேர், எங்கையிருந்து வந்ததெண்டு எழுதி. இல்லாட்டி எடுக்காயினமாம்,” என்றா கமலாவதி.

“தெரியும் பிள்ளை.”

லெனாட் பேனையைத் திறந்தார். கடுதாசியின் அடியில், தகப்பனாரிடம் பிரம்படி வாங்கிப் பழகிய உருண்டை எழுத்தில், ஆறுதலாக எழுதினார்: ‘இது 12.08.1986 வடவொளி ஆறாம் பக்கத்தின் உண்மைப் பிரதி. மூலத்துண்டு, இந்நூலகத்துக்குச் சொந்தமான பத்திரிகையிலிருந்து 1989ஆம் ஆண்டு என்னால் வெட்டி எடுக்கப்பட்டு, நேற்று வரை என் வீட்டில் இருந்தது. லெனாட், நூலகர்.’

பிரதீபா தோளுக்கு மேலால் படித்தா. “சேர், உதை எழுதத்தான் வேணுமோ?” என்று காதோடு கேட்டா.

“எங்கையிருந்து வந்ததெண்டு கேட்டிருக்கினம்,” என்றார் லெனாட்.

கடுதாசியைத் தன் பக்கம் இழுத்து, சீல் கட்டையை மைப்பெட்டியில் ஒற்றிக் குத்தினார். எழுத்து சரிவாக, பாதி மட்டும் விழுந்தது. திரும்ப மை ஒற்றி, பக்கத்தில் இன்னொரு தரம் குத்தினார்.